பூக்காத கொத்தமல்லி

கொத்தமல்லி பூத்துவிட்டால் அப்பா மலைக்குப் போகமாட்டார் என்று நானாகவே முடிவு செய்து வைத்திருந்தேன். ஒன்றாம் வகுப்பு முடித்திருந்த எனக்கு விவசாய ஞானம் அவ்வளவுதான்.

அந்தச் சித்திரையில், மார்க்கையன்கோட்டைக்குப் பக்கத்தில் எங்களுக்கிருந்த துண்டு நிலத்தில் அப்பா கொத்தமல்லி போடக் கிளம்பினார். கல்யாண மாதத்தில் தழைக்குத் தட்டுப்பாடு, சந்தையில் நல்ல விலை போகும் என்பது அவர் நினைப்பு. விதையைச் சாக்கில் கொட்டி, செருப்புக் காலால் தேய்த்து உடைத்துக்கொண்டிருந்தவரிடம் அம்மா அப்போதே சொன்னாள்.

“இந்த வெயிலுக்கு மல்லி தழையாதுங்க. ஐப்பசியில போட்டாத்தான் எலை விடும். இப்பப் போட்டா பூவுக்குத்தான் ஓடும்.”

“தழைஞ்சா இங்கனயே கெடக்கேன். இல்லாட்டி கூடலூர்ல ஜீப்பப் பிடிச்சு மலைமேல ஏலக்காத் தோட்டத்து வேலைக்குப் போயிர்றேன், போ” என்றார் அப்பா. விளையாட்டாகத்தான் சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

அம்மா சொன்னதில் என் மனதில் தங்கியது பூ மட்டும்தான். பூ என்றால் நல்லதுதானே. கத்தரி பூத்தால் காய்க்கும், முருங்கை பூத்தால் காய்க்கும். ஆனால் பூக்காவிட்டால் அப்பா போய்விடுவாரே. பல்கூடத் துலக்காமல் விடிந்ததும் பாத்திக்கு ஓடுவேன். செடி கிடுகிடுவென்று உயர்ந்தது. அப்பா மட்டும் ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்து பார்த்துவிட்டு வீசிவிடுவார். இலையெல்லாம் நூல் நூலாக இருந்தது.

ஒரு நாள் காலையில் பாத்தி முழுக்க வெள்ளைப் பூ. மூச்சு வாங்க வீட்டுக்கு ஓடி வந்து, “அப்பா, பூத்துருச்சு!” என்று கத்தினேன். அப்பா டீ டம்ளரைக் கீழே வைத்தார். “சரி ஆத்தா” என்று என் தலையைத் தடவினார்.

அன்று சாயங்காலம் அம்மா மாட்டை அவிழ்த்துப் பாத்திக்குள் விட்டாள். அது என் பூவையெல்லாம் மேய்ந்தது. மறுநாள் நான் எழுந்தபோது அப்பா இல்லை, அவருடைய பையும் இல்லை.

அம்மாவால்தான் அப்பா போனார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தலை சீவ வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். ஏன் என்று அவளும் கேட்கவில்லை. அப்பா போனில் பேசும்போதெல்லாம், “எப்ப வருவீக?” என்று கேட்பேன். மலையில் டவர் கிடைக்காமல் பதிலுக்கு முன்னே போன் கட்டாகிவிடும்.

ஐப்பசி மழையோடு அப்பா வந்தார். அதே பாத்தியில் மறுபடியும் கொத்தமல்லி போட்டார். இந்த முறை இலை அகல அகலமாக விட்டு, மண்ணே தெரியாமல் மூடிக்கொண்டது. ரோட்டில் போகிறவர்கள்கூட வாசம் பிடித்துத் திரும்பிப் பார்த்தார்கள். அப்பாவும் அம்மாவும் செடியைப் பிடுங்கி, வேர் மண்ணை உதறி, கட்டுக் கட்டாகக் கட்டினார்கள்.

நான் ஒவ்வொரு பாத்தியாகத் தேடினேன். பேருக்குக்கூட ஒரு பூ இல்லை. அப்பா தழையைக் கட்டக் கட்ட, ஊருக்குப் போக மூட்டை கட்டுகிறார் என்றே எனக்குத் தோன்றியது. அழுகையை அடக்க முடியவில்லை.

“ஒரு பூக்கூடப் பூக்கலையேப்பா. திரும்பவும் போயிருவீகளா?”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் அப்பா சிரித்தார். அம்மா சிரித்துச் சிரித்து, கடைசியில் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

நான் இப்படிப் பயந்துபோய் நிற்கையில் இவர்களுக்கு என்ன சிரிப்பு என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, அடுத்த பாத்தியில் பூத் தேடப் போனேன்.