சொறியாத எலிகள்

எலி மாமா என்றால் அந்த ஆராய்ச்சிக் கட்டடத்தில் தெரியாத ஆள் கிடையாது. எலிகளுக்குத் தீனி போடுவது, கூண்டு கழுவுவது, வேலை முடிந்த எலிகளைக் கொல்ல வாயுப் பெட்டிக்குள் போட்டு மூடுவது, எல்லாம் அவர்தான். "ஊரே பொறி வச்சுப் பிடிக்குது, நீங்க ஏசி போட்டு வளக்குறீங்க" என்று கேன்டீனில் கிண்டல் செய்வார்கள். "அதுக்காவது ஏசி இருக்கு, உனக்கு இருக்கா?" என்று அவரும் விடமாட்டார்.

வீட்டில் அந்த வாய் இருக்காது. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அவரும் மகளும்தான். மகளுக்குப் பள்ளிக்கூட வயதில் முழங்கையில் சிவப்புத் திட்டாக ஆரம்பித்த சோரியாசிஸ், இப்போது முதுகு, தலை, கை என்று பரவி, செதில் செதிலாக உதிர்கிறது. ஜவுளிக்கடை கவுண்டரில் நின்றவளை, வாடிக்கையாளர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று கிடங்குக்கு மாற்றிவிட்டார்கள். இது ஒட்டுகிற நோய் இல்லை என்று அவள் சொன்னதை முதலாளி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. அந்த ஆளுக்கு நல்ல கதி வராது. முதுகுக்கு மட்டும் அவள் கை எட்டாது என்பதால், தினமும் சாயங்காலம் அப்பாதான் களிம்பு தடவிவிடுவார். தடவினால் அடங்கும், விட்டால் முன்னைவிட மோசமாகக் கிளம்பும்.

அதனால்தான் ஆராய்ச்சியை நடத்தும் மேடம் புது எலிகளைக் கொண்டுவந்தபோது மாமா அந்தக் கூண்டுகளை விட்டு நகரவே இல்லை. மரபணுவை மாற்றிப் பிறக்க வைத்த எலிகள். பிறந்து சில வாரங்களில் காது தடித்து, முதுகு சிவந்து, செதில் விழத் தொடங்கியது. அச்சு அசல் மகளின் முதுகு.

"மனுஷங்களுக்கு வர்ற மாதிரியே இதுக்கும் வர வச்சிருக்கோம் மாமா. புது மருந்து இதுல வேலை செஞ்சா, அடுத்து ஆளுங்களுக்குக் கொடுத்துப் பாப்பாங்க" என்றார் மேடம். அன்றைக்கே வீட்டுக்கு ஓடி வந்து மகளிடம் சொன்னார். இப்படி எத்தனையோ கேட்டு அலுத்தவள்தான். ஆனாலும் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

பாதி எலிகளுக்கு மருந்து கலந்த களிம்பு, மீதிக்கு வெறும் களிம்பு. எந்தக் கூண்டுக்கு எது என்று மாமாவுக்குச் சொல்லமாட்டார்கள். இரண்டையும் ஒப்பிட்டால்தான் மருந்தின் யோக்கியதை தெரியும். வேறு எதையும் எலிமேல் தடவக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். ஆனால் விடுமுறை நாளில் அந்த அறையில் அவரும் எலிகளும் மட்டும்தானே. சில கூண்டுகளில் எலிகள் தீனியைக்கூடத் தொடாமல், பின்னங்காலால் ரத்தம் வரச் சொறிந்துகொண்டே இருந்தன. மகளும் தூக்கத்தில் இப்படித்தான் பரக் பரக்கென்று சொறிவாள். மனுஷனுக்கு மனசு கேட்கவில்லை. மகளின் களிம்புக் குழாயைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு போய், ரொம்பச் சொறிகிற எலிகளாகப் பார்த்துக் கடுகளவு தடவினார். பிறகு ஆளில்லாத நேரமெல்லாம் தடவினார். எலிகள் அடங்கிப் படுத்தன. ஏதோ புண்ணியம் செய்த நினைப்பு அவருக்கு. ரொம்பச் சொறிகிறவை எவையாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லையே, பாவி மனுஷன்!

முடிவு வந்த அன்று மேடத்தின் முகம் செத்துப்போயிருந்தது. "எல்லாத்தையும் முடிச்சிடுங்க மாமா. மருந்து போட்டதும் போடாததும் ஒரே மாதிரிதான் இருக்கு. மருந்துக் கம்பெனி கைகழுவிட்டாங்க."

மாமா எலிகளை ஒவ்வொன்றாக வாயுப் பெட்டிக்குள் விட்டார். எல்லாவற்றின் முதுகும் வழவழவென்று இருந்தது. மூடியைச் சாத்தி வாயுவைத் திறந்துவிட்ட பிறகுதான் அவருக்கு உறைத்தது. பாதி, மருந்தால் ஆறிய முதுகு. மீதி, வெறும் களிம்புக் கூண்டுகளில் தன் விரலால் ஆறிய முதுகு. தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டிருந்தார். இல்லை, மகள் தலையில்.

மேடத்தின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் கொட்டினார்.

"ஏன் மாமா இப்படிப் பண்ணீங்க?"

"ரொம்பச் சொறிஞ்சுதும்மா. பாக்க முடியல. மருந்து நல்ல மருந்தும்மா. மறுபடி செஞ்சு பாருங்க. என்னை வேணும்னா வேலையை விட்டுத் தூக்கிடுங்க."

வெளியே யாராவது நிற்கிறார்களா என்று மேடம் எட்டிப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்: "வெளிக் களிம்பு உள்ள வந்துச்சுன்னு தெரிஞ்சா, இங்க செஞ்ச எல்லா ஆராய்ச்சியையும் சந்தேகப்படுவாங்க. உங்க வேலை மட்டும் இல்ல, என் வேலையும் போயிடும். நீங்க எதுவும் சொல்லல, நான் எதுவும் கேக்கல. கதவைச் சாத்திட்டுப் போங்க."

கெட்டவர் இல்லை அந்த மேடம். நல்லவர்களுக்கும் வேலை வேண்டியிருக்கிறது. மாமா இன்னும் கொஞ்சம் கத்தியிருக்கலாம். கத்தவில்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

சாயங்காலம் மகள் வழக்கம்போல முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"எலிங்க எப்படிப்பா இருக்கு?"

"சரியாப்போச்சும்மா. எல்லாத்துக்கும் சரியாப்போச்சு."

"நிஜமாவா?" அவள் குரலில் அந்தச் சிரிப்பு கேட்டது. "அப்ப எங்களுக்கும் சீக்கிரம் வந்துடும்ல?"

"திரும்பாதம்மா, தடவணும்" என்றார். தன் முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாதே என்ற பயம். குழாயை அழுத்தினார். வரவில்லை. அடியிலிருந்து சுருட்டிச் சுருட்டி அழுத்தினார், காற்றுதான் வந்தது.

"இப்பத்தானேப்பா வாங்கினோம்? அதுக்குள்ள தீந்துடுச்சா?"

"தீந்துடுச்சும்மா" என்றார்.