தம்பிக்கு வந்த மாரடைப்பு

எழுபத்தொரு வயதில் இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் தம்பிக்கு வந்த மாரடைப்பின் மேல் எனக்குப் பொறாமை.

நெஞ்சு வலித்தபோது அவன் வாயு என்று நினைத்து ஒரு சோடா குடித்துவிட்டு, தானே ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஸ்டென்ட் வைத்தார்கள். பார்க்க வந்தவர்கள் நாற்பத்திரண்டு பேர். நானோ ஆறு வருடத்தில் ஒன்பது முறை நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, செத்தேன் என்று ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். ஒன்பது ஈசிஜியும் சுத்தம். பார்க்க ஒருவரும் வரவில்லை.

"இது பேனிக் அட்டாக்குங்க. இருதயம் வேகமா ஓடறது தப்பில்லை. நீங்க அதுக்குக் காவல் உக்காந்திருக்கீங்களே, அதுதான் தப்பு," என்றார் டாக்டரம்மா. ஆஸ்பத்திரி மாடிப்படியில் மூன்று முறை என்னை ஏறி இறங்க வைத்து, அந்தப் படபடப்பும் இதுவும் ஒன்றுதான் என்று காட்டினார். இனி நாடி பிடித்து எண்ணக் கூடாது என்றும் சொல்லி அனுப்பினார்.

தங்கை மகளின் கல்யாணம் அவிநாசியில் நடந்தது. எங்கள் பக்கம் மணப்பெண்ணின் நெற்றியில் பட்டம் என்ற நூல் கோத்த பொன்னிறத் தகட்டைக் கட்டுவது தாய்மாமன் உரிமை. மூத்தவன் நான். ஆனால் மண்டபத்தில் மேளம் என் விலா எலும்புக்குள்ளேயே அடித்தது. உள்ளங்கை வேர்த்தது. சாமான் அறைக்குள் நுழைந்து, அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து நாடியை எண்ணினேன். நூற்றுப் பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். நூற்று இருபத்து நான்கு.

தங்கை தேடி வந்துவிட்டாள். "ஏனுங்ணா, இங்க வந்து உக்காந்துட்டீங்க? பட்டம் கட்டக் கூப்புடறாங்க."

"நெஞ்சு ஒரு மாதிரியா இருக்குது, கண்ணு."

"செரிங்ணா, நீங்க உக்காருங்க. சின்னண்ணனைக் கட்டச் சொல்லிர்றேன்."

அவள் கோபித்திருந்தாலாவது பரவாயில்லை.

"ஸ்டென்ட் வெச்சது அவனுக்குத்தான!"

"அதுக்கென்னங்க? அவரு மொதப் பந்தியில சாப்புட்டுப்போட்டு, ரெண்டாம் பந்திக்குப் பரிமாறிட்டு இருக்கறாரு."

எழுந்துவிட்டேன். மேடைக்கு ஏழு படி. தங்கை முன்னால் ஓடிச் சொல்லிவிட்டாள் போல; நான் ஏறும்போது தம்பி பந்தியை விட்டு வந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பட்டத்தைக் கையில் வைத்திருந்தான்.

"வாங்ணா. நாடி எத்தனைங்க?"

"நூத்தி இருவத்தி நாலு."

"இதைக் கட்ட ரெண்டு கையும் வேணுமுங்க. எண்ணறதுக்கு மூணாவது கை இருக்குதா?"

மேடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பட்டத்தை அவன் கையிலிருந்து பிடுங்கினேன். பெண்ணின் பின்னந்தலையில் நூலை முடியும்போது முடிச்சு இரண்டு முறை நழுவியது.

"மெதுவா கட்டுங்க மாமா. நான் எங்கயும் போகலீங்க," என்றாள் அவள், தலையை அசைக்காமல்.

மூன்றாவது முறை முடிச்சு நின்றது. அப்போது நாடி எவ்வளவு துடித்தது என்று எனக்குத் தெரியாது.

கீழே இறங்கியதும் நான்கு பேர் ஓடி வந்து, தம்பிக்கு உடம்பு முடியாதே என்று அவனுக்கு நாற்காலி போட்டார்கள். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.