ஐந்தாவது அரைப்பென்னி

கல்லுடைக்கும் வேலையை விட்ட பிறகு வால்ட் ஸ்டிக்லண்டுக்கு மிஞ்சிய பதவி ஒன்றுதான்: ஊர்ப் பப்பில் அரைப்பென்னி டப்பாவுக்குக் காவல். அரைப்பென்னி என்ற அந்த இங்கிலாந்துச் செப்புக்காசு கடைகளில் செல்லாமல் போய் வெகுகாலம் ஆயிற்று. பப்பின் காசு தட்டும் ஆட்டத்தில் மட்டும் ஐந்து காசுகள் இன்னும் உழைத்தன. கோடு கீறிய கற்பலகையின் ஓரத்தில் காசை வைப்பார்கள், ராஜா தலை மேலே, கப்பல் கீழே. உள்ளங்கையால் தட்டினால் வழுக்கிப்போய் இரண்டு கோட்டுக்கு நடுவில் நிற்க வேண்டும். கோட்டைத் தொட்டால் வீண்.

அந்த வருஷம் ஒரு காசு நிற்க மறுத்தது. எவ்வளவு மெல்லத் தட்டினாலும் தாண்டி ஓடியது. யாரோ அடிப்பக்கத்தில் அரம் போட்டு வழவழப்பாக்கியிருக்கிறார்கள் என்று வால்ட் முடிவு கட்டினார். யாரோ என்ன யாரோ, தங்கை ஹில்டாவைக் கட்டிய ரெஜ்தான். ரெஜ்ஜின் அப்பா, சித்தப்பா, பெரியப்பா மகன் எல்லோருமே பட்டறைக்காரர்கள். வேறென்ன சாட்சி வேண்டும்?

காசில் கைவைத்தவனுக்கு அணியில் இடமில்லை என்பது பப்பின் சட்டம். சனிக்கிழமை பக்கத்து ஊரோடு ஆட்டம். ரெஜ்ஜைப் பிடித்துக்கொடுத்தால் தங்கை வீட்டு வாசல் அடைபடும். தெரிந்தேதான் வால்ட் மூலையில் உட்கார்ந்து மச்சானின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். காவலுக்கு வந்த நாளிலிருந்து ஆட்டம் பார்க்கும்போதெல்லாம் அந்த ஒரு காசை எடுத்துத் துடைப்பது அவர் பழக்கம்; இப்போது அரத்தின் கீறல் தெரிகிறதா என்று இன்னும் அடிக்கடி எடுத்து முழங்காலில் அழுத்தித் துடைத்து வெளிச்சத்தில் பிடிப்பார்.

வெள்ளிக்கிழமை பொறுமை போயிற்று.

“மச்சான், கையக் காட்டு.”

“எதுக்கு, ரேகை பாக்கவா?”

“நகத்துல செம்புத்தூள் இருக்கான்னு பாக்கணும்.”

ரெஜ் பீரை வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார். பீரோடு கொறித்த, வினிகரில் ஊறிய வெங்காயத்தின் வாசனைதான் வந்தது.

“அந்தக் காசக் குடுங்கண்ணே, நான் பாக்குறேன்” என்றாள் பப்புக்காரி டோரீன்.

வால்ட் பழக்கத்தில் அதை முழங்காலில் நாலு தேய் தேய்த்து நீட்டினார். டோரீன் காசைப் பார்க்கவில்லை. அவருடைய கால்சட்டையைப் பார்த்தாள். வலது முழங்காலில் காசளவுக்குப் பழுப்பாக ஒரு வட்டம் பளபளத்தது.

“தொவச்சுத் தொவச்சும் போகலன்னு உங்க வீட்டுல ஆலிவ் அக்கா பொலம்புற கறை இதுதானா?”

“தொடச்சா தேயுமா?” என்றார் வால்ட்.

“வருஷக்கணக்கா தொடச்சிருக்கீங்களே. கப்பல் எங்க போச்சு, பாருங்க.”

“அரம் உன் கால்லயே இருக்கு, மச்சான். எங்கப்பன் பட்டறையில இவ்ளோ நல்ல அரம் கெடையாது” என்றார் ரெஜ்.

சட்டம் எல்லோருக்கும்தான். வால்ட் டப்பாவை மூடி மச்சான் முன்னால் தள்ளினார். மறுநாள் அணியில் இடமில்லாமல் ஆட்டத்தைச் சுவரோரம் உட்கார்ந்து பார்த்தார்.

ஹில்டா வீட்டு ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அவருக்கு நிற்கவில்லை. ஆனாலும் போய் உட்கார்ந்ததும், விழாத முள்கரண்டியை எடுக்கிற மாதிரி மேசைக்கடியில் குனிந்து, ரெஜ்ஜின் முழங்காலை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார்.