கெசையாவின் பட்டில் நான்காவது ஆள்

ஊசியில் நூல் கோக்கும்போது கெசையா டாகெட் ஊசியைப் பார்ப்பதே இல்லை. பக்கத்துத் தையல் சட்டத்தில் இன்னொருத்தி என்ன தப்புச் செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டிருப்பாள். “லோயிஸ், நீ தைக்குற விதவை கல்லறைல சாஞ்சு தூங்குறாடி. தலையை நிமித்து!” அதற்குள் நூல் ஊசிக்காதில் ஏறியிருக்கும்.

அவளுக்கு வயது பதினைந்து. மாசசூசெட்ஸ் கடற்கரையில் எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளியில் கடைசி வருஷம். கடைசி வருஷத்துப் பெண் வெள்ளைப் பட்டில் ஒரு துக்கப்படம் தைத்தாக வேண்டும். கிளை தொங்கும் வில்லோ மரம், கல்லறை மேல் கலசம், இறந்தவர் பேர், சுற்றி நின்று அழும் குடும்பம். முகத்தையும் வானத்தையும் மட்டும் நான் வண்ணத்தில் தீட்டுவேன். அதற்குத்தான் பள்ளியில் என்னை வைத்திருக்கிறார்கள்.

வில்லோ இலை தைப்பதில் கெசையாவை அடித்துக்கொள்ள ஆளில்லை. மற்றவர்கள் இஞ்சி ரொட்டி கொடுத்து ஒரு கிளை தைத்து வாங்கிக்கொள்கிறார்கள். என்னையும் அவள் விடுவதில்லை. “அக்கா, எங்கப்பா மூக்கு இவ்ளோ அழகா இருக்காது. கொஞ்சம் கெடுத்து விடுங்க.” கெடுத்தேன். அவள் சொன்னதுதான் சரியாக இருந்தது, எனக்கு எரிச்சலாக இருந்தது.

படம் அவள் அம்மாவுக்கு. போய் மூன்று வருஷமாகிறது. கலசத்தருகே அப்பா, தம்பி, அவள். போன வசந்தத்தில் அப்பா டார்கஸ் என்பவளை மணந்துகொண்டார். அவளையும் படத்தில் நிறுத்தும்படி எழுதியிருந்தார். அவர்கள் வீட்டுக் கூடத்தில் கணப்புக்கு மேல் மாட்டப்போகிற படம். அதில் அவள் இல்லையென்றால், அந்த வீட்டில் அவளை விருந்தாளியாகத்தான் எல்லாரும் பார்ப்பார்கள்.

கெசையா மசியவில்லை. “அப்பாவோட பெண்டாட்டி எங்கம்மாவைப் பாத்ததே இல்ல. எதுக்கு அழணும்? பட்டுல பொய் தைக்க மாட்டேன்.” அதோடு ஒரு கோபமும் இருந்தது. இறந்தவரின் தலைமுடியாலேயே பேரைத் தைப்பது எங்கள் வழக்கம். “அவங்க வந்த வாரமே எங்கம்மா அலமாரியை ஒழிச்சுட்டாங்க. சீப்புல இருந்த முடி கூட மிஞ்சல.” அப்பாவுக்குப் பின்னால் ஓர் ஆள் நிற்குமளவு பட்டு வெறுமையாகக் கிடந்தது. அங்கே ஓர் ஆட்டுக்குட்டி வைக்கப்போவதாகச் சொன்னாள்.

படங்களை வைக்கும் பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு வாரம் இருக்கையில் குதிரை வண்டியில் டார்கஸே வந்து இறங்கினாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே அலசிச் சிக்கெடுத்து, நீளவாரியாகப் பிரித்து, நூலால் கட்டிய பழுப்பு முடி.

“உங்கம்மாவோட சீப்பு, தொப்பி, சால்வை எல்லாத்துலேருந்தும் எடுத்தேன். சிக்கெடுக்கத்தான் இத்தனை நாளாச்சு. பேர் தைக்க ஆகும்ல? என்னைப் படத்துல வைக்க வேணாம்மா. உங்கப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்.”

கெசையா ஓர் இழையை உருவி ஊசியில் கோத்தாள். முதல் தடவையாக, ஊசியைப் பார்த்துக் கோத்தாள். டார்கஸ் கையுறையை மாட்டிக்கொண்டு எழுந்தாள்.

“எங்க கிளம்பிட்டீங்க சித்தி? தொப்பியைக் கழட்டுங்க. வெளிச்சத்துக்கு வாங்க.”

பட்டு நூல் பெட்டியைத் திறந்து ஒரு செம்பழுப்பு நூல்கண்டை எடுத்தாள். டார்கஸின் காதோர முடிமேல் வைத்துப் பார்த்தாள். நிறம் ஒத்து வரவில்லை. அதை மேசையில் போட்டுவிட்டு அடுத்த கண்டை எடுத்தாள்.