சளி பிடித்த மரகதம்

ஒன்பது வயது வரை நான் வகுப்பில் வாய் திறந்ததில்லை. பதில் தெரிந்தாலும், டீச்சர் என் பக்கம் திரும்பியவுடன் தலை தானாகக் குனிந்துகொள்ளும். டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு வருத்தப்பட்டார். அம்மா என்னைப் பழனி அடிவாரத்தில் ஒரு ஜோசியரிடம் கூட்டிப்போனாள். அவர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, பிள்ளைக்குப் புதன் படுத்துக் கிடக்கிறார், நாற்பத்தெட்டு நாள் மரகதம் உடம்பில் பட்டால் எழுந்து உட்காருவார், அப்புறம் இவள் வாயை மூடுவதுதான் கஷ்டம் என்றார்.

மரகதத்துக்கு நாங்கள் எங்கே போவது? மலைமேல் நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டு முன்னறைதான் அப்பாவின் கம்பெனி. யூகலிப்டஸ் தைலத்தைக் கேனில் வாங்கி வந்து, சின்னப் பாட்டில்களில் அடைத்து, லேபிள் ஒட்டி, ஏரிப் பக்கம் உள்ள கடைகளுக்குப் போடுவார். எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் தைலம்தான். தலைவலிக்கும் அதுதான், எறும்புக்கும் அதுதான், கிறீச்சிடும் கதவுக்கும் அதுதான்.

வில்பட்டியில் இருந்த பெரியம்மாவிடம் ஒரு பச்சைக்கல் மோதிரம் இருந்தது. கல்யாணத்தில் மாமியார் போட்டது. அது சோடா பாட்டில் கண்ணாடி என்று ஓரகத்திகள் காதுபடவே சிரிப்பார்கள். அதனாலேயே பெரியம்மா அதைக் கழற்றியதில்லை. எனக்காகக் கழற்றினாள். விரல் பெருத்துவிட்டது, ஆசாரியிடம் கொடுத்திருக்கிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, முந்தானையில் முடிந்து கொண்டுவந்து, கறுப்புக் கயிற்றில் கோத்து என் கழுத்தில் கட்டினாள்.

“நாப்பத்தெட்டாம் நாள் வெள்ளனே வந்து வாங்கிக்கிருவேன். கல்லுல ஒரு கீறல் விழுந்துச்சு, ஒங்கம்மாவத்தேன் கேப்பேன்.”

அதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் பள்ளிக்கூட மைதானத்தில், யாரும் பார்க்காதபோது ஸ்வெட்டருக்குள்ளிருந்து மோதிரத்தை எடுத்து வெயிலில் பார்த்தேன். கல்லுக்குள் பாசி படர்ந்த மாதிரி எங்கும் கீறல். ஓடியாடி நான்தான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்தேன். ஒருவேளை அழுக்காகவும் இருக்கலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அழுக்குக்கு எங்கள் வீட்டில் வழி உண்டு. அப்பா பாட்டில் கழுவக் கொதிக்கும் சோடா உப்புத் தண்ணீர் வைத்திருப்பார். அதில் முக்கினால் எவ்வளவு பழைய பாட்டிலும் பளபளத்து வரும். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மோதிரத்தை உள்ளே விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து வெளியே எடுத்தபோது கல் வெளுத்துப்போய், பனி படிந்த கண்ணாடி மாதிரி இருந்தது. கீறல்கள் ஒன்றுவிடாமல் வெள்ளையாக எழுந்து நின்றன.

சொல்லி அழலாம். ஆனால் வாய் வந்தால்தானே. எங்கள் வீட்டு வழக்கப்படி தைலத்தை ஊற்றினேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கல் தைலத்தைக் குடித்தது. கீறல் ஒவ்வொன்றாக மறைந்து, முன்பைவிடத் தெளிவான பச்சை வந்துவிட்டது. மூன்று நாள் கழித்து மறுபடி வெளுத்தது. மறுபடி ஊற்றினேன். அப்புறம் எதற்கு வம்பென்று தினமும் காலையில் ஒரு சொட்டு.

வகுப்பில் என்னைச் சுற்றி நாலு பெஞ்சுக்குத் தைல வாசம் அடித்தது. டீச்சர் இரக்கப்பட்டார். “பாவம், அதுக்கு எப்பப் பாரு சளி. தொண்டைய ஸ்ட்ரெய்ன் பண்ண வேணாம், நீ உக்காருமா.” பேசவைக்க வந்த கல், என்னைப் பேச்சிலிருந்து முழுதாக விடுவித்துவிட்டது. அவ்வளவு நிம்மதியான நாற்பத்தெட்டு நாட்கள் அதற்குப் பின் எனக்கு வாய்க்கவில்லை.

சொன்ன நாளில் பெரியம்மா வெள்ளனே வந்துவிட்டாள். மோதிரத்தை வாங்கி ஜன்னல் பக்கம் போய்ப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“ஏண்டி, இது என் கல்லு இல்லையே.”

“என்னக்கா சொல்ற?” என்றாள் அம்மா.

“என் கல்லுக்குள்ள கீறல் கெடக்கும். இருவது வருசமாப் பாக்குறேன், எனக்குத் தெரியாதா? இது பளிங்காட்டம் இருக்கு. கல்ல மாத்திட்டியா?”

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் மட்டும் வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் எதுவோ அறுந்தது.

“அம்மா மாத்தல. நாந்தேன். பாட்டில் கழுவுற தண்ணில போட்டேன். வெளுத்துப்போச்சு. தைலம் ஊத்துனேன். பச்சையாயிருச்சு. மறுபடி வெளுத்துச்சு, மறுபடி ஊத்துனேன். டீச்சர் எனக்குச் சளின்னாங்க. எனக்குச் சளியே இல்ல பெரியம்மா!”

பெரியம்மாதான் முதலில் தெளிந்தாள். “ஏண்டி, பேசுறாடி!” என்று அம்மாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். “கண்ணாடின்னா இப்படி வேல செய்யுமா? அப்ப இது என் கல்லுதேன்!”

இருந்தாலும் ஒரு சந்தேகத்துக்கு, கடைவீதியில் மோதிரக் கல் விற்கும் பாயிடம் மூவரும் போனோம். பாய் லென்ஸை வைத்து மோதிரத்தை முகத்தருகே கொண்டுபோனார். பலமாக ஒரு தும்மல் போட்டார்.

“என்னக்கா, கல்லுக்குச் சளியா?”

பெரியம்மா நடந்ததைச் சொன்னாள். பாய் சிரித்து முடிக்க நேரமானது.

“கண்ணாடியா இருந்தா எண்ணெய் குடிக்காதுக்கா. மரகதம் கல்லா உறையுற சரக்கு பூமில ஒரு எடத்துல கெடக்கும், அதுக்குப் பச்ச குடுக்குற சரக்கு வேற எங்கயோ கெடக்கும். மல உச்சிக் கிளாவரைக்காரனும் கடலோர ராமேஸ்வரத்துக்காரனும் ஒரே பஸ்ல பக்கத்துப் பக்கத்து சீட்டுல உக்காந்த மாதிரி, அதுக ரெண்டும் சந்திக்கிறதே அபூர்வம். சந்திச்சாலும் அங்க இருக்குற நெருக்கடில நசுங்கித்தேன் கல்லு பொறக்கும், ஒடம்பெல்லாம் வெடிப்பு. அது தெரியாம இருக்கத்தேன் எண்ணெய் போட்டு விக்கிறாங்க, அந்த எண்ணெயத்தேன் சோடாத் தண்ணி எடுத்துருச்சு. கீறலே இல்லாத மரகதம்னு எவனாச்சும் நீட்டுனா, எனக்கு மொதல்ல சந்தேகந்தேன் வரும்.”

பெரியம்மா அதை அவரை இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். ஓரகத்திகள் பக்கத்தில் இல்லையே என்று அவள் முகத்தில் தெரிந்தது.

“ஆனா தைலம் நிக்காதுக்கா, காத்துல போயிரும். மதுரைல இதுக்குன்னே எண்ணெய் போடுற ஆளு இருக்காரு. வீட்டுல சொல்லிட்டு வெரசா ஒரு நட கொண்டு போங்க,” என்றார் பாய். அடுத்த வாரமே போகிறேன் என்றாள் பெரியம்மா.

மறுநாள் வகுப்பில் எனக்குச் சளி இல்லை என்று நானாகவே எழுந்து சொன்னேன். டீச்சர் சந்தோஷப்பட்டு, அப்படியானால் பதினாலாம் வாய்ப்பாடு சொல் என்றார். தலை குனிந்துகொண்டது.

அதன்பின் பெரியம்மா மாதம் தவறாமல் வீட்டுக்கு வருவாள். போகும்போது, “ஒரு பாட்டில் தைலம் குடு தாயி, தல விண்ணு விண்ணுன்னு தெறிக்குது,” என்பாள். விரலில் மோதிரம் பளிச்சென்று பச்சையாக இருக்கும், கையில் தைல வாசம் அடிக்கும். மதுரைக்காரர் நன்றாகத்தான் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன். பாவம், நம் பெரியம்மாவுக்குப் போய் இப்படியொரு தலைவலி என்று, இருப்பதிலேயே பெரிய பாட்டிலாக எடுத்துக் கொடுப்பேன்.

ஒருநாள் அப்பா கவலையோடு, இத்தனை வருடமாக வலிக்கிறதே, ஒரு நல்ல டாக்டரைப் பார்க்கக் கூடாதா என்று கேட்டார். பெரியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறாள் என்று தெரியாமல், வழக்கம்போல் நான் தலையைக் குனிந்துகொண்டேன்.