சர்வீஸ் சென்டரில் போன பல்

என் முன்பல் குளியலறையில் வழுக்கி விழுந்து உடைந்தது என்று உங்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். அது பொய். நீங்கள் வளர்ந்துவிட்டீர்கள், எழுதிவிடுகிறேன்.

வாடிக்கையாளர் மாதிரி போய், கார் சர்வீஸ் சென்டர்களை ரகசியமாகப் பார்த்து எழுதித் தரும் வேலைக்கு மனு போட்டிருந்தேன். சொந்தக் கார் வேண்டும் என்றார்கள். நம் பழைய கார் இருந்தது. கேள்வித்தாளிலும் தேறினேன். மீதி ஒரே ஒரு சோதனை விசிட். பத்தாவதோடு நின்றவனுக்கு எழுதுகிற வேலையா என்று ஒரே பெருமை எனக்கு. யார் அனுப்பியது என்று மட்டும் எந்த நிலையிலும் வாயைத் திறக்கக் கூடாது.

அவர்கள் சொன்னபடி ஏர் ஃபில்டரின் ஓரத்தில் உங்கள் அம்மாவின் நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்தேன். மாற்றச் சொல்லி வண்டியை விட வேண்டும். திரும்ப வரும்போது புள்ளி இருந்தால் மாற்றவில்லை என்று அர்த்தம்.

தேனாம்பேட்டையில் விட்டேன். சாயங்காலம் எடுக்கப் போனால், எனக்கு முன்னால் ஒரு தடித்த ஆள் மேஜை ஊழியரின் சட்டையைப் பிடித்திருந்தார்.

"புது ஃபில்டர்னு துட்டு வாங்கிக்கினு பழசையே தொடச்சுப் போட்டுக்கீறே. என்னைப் பாத்தா இன்னா, கேணையனாட்டம் கீதா?"

"சார், மெக்கானிக்கைக் கேட்டு..."

அறை விழுந்தது. ஊழியரின் மூக்குக்கண்ணாடி பறந்தது. முடியைப் பிடித்து மேஜையில் மோதினார். ஒரு தரம், இரண்டு தரம். மேஜையில் இருந்த, என் வண்டிக்கான வேலைகளைக் குறித்திருந்த ஜாப் கார்டில் ரத்தம் சொட்டியது. சுற்றி நின்றவர்கள் செல்போனைத் தூக்கினார்கள். நான், எத்தனை நிமிடத்தில் என்னைக் கவனிக்கிறார்கள் என்று படிவத்தில் எழுதுவதற்காகக் கடிகாரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் வீல் ஸ்பேனரை எடுத்ததும்தான் ஓடிக் கையைப் பிடித்தேன்.

"நீ யார்ரா? இவன் மச்சானா?"

முழங்கை என் வாயில் இறங்கியது. பல் நாக்கின்மேல் கிடந்தது. மறுபடி ஸ்பேனர் உயர்ந்தபோது கத்திவிட்டேன்: "கம்பெனி அனுப்பின ஆளு நானு! எல்லாத்தையும் எழுதிக்கினு கீறேன், உன் வண்டி நம்பரையும்!"

ஸ்பேனரை வீசிவிட்டுப் போய்விட்டார்.

மூக்கைப் பொத்திக்கொண்டு அந்த ஊழியர் முதலில் சொன்னது இதுதான்: "சார், உங்க ஃபில்டரை இப்பவே மாத்தச் சொல்லிடறேன்."

பானட்டைத் திறந்தேன். சிவப்புப் புள்ளி அப்படியே இருந்தது.

ஃபில்டர் மாற்றாததையும் நான் வாயைத் திறந்ததையும் படிவத்தில் எழுதினேன். தேர்வாகவில்லை என்று பதில் வந்தது. முதல் அறைக்கும் நான் ஓடியதற்கும் நடுவில் கடிகாரத்தில் ஒன்றரை நிமிடம் போயிருந்தது. அதை மட்டும் அவர்களுக்கு எழுதவில்லை. உங்களுக்கு எழுதியிருக்கிறேன்.