கடப்படியில் சொன்ன ஸலாம்

ஒரு சொல்லைப் பற்றி மட்டும் எழுதலாமென்றுதான் உட்கார்ந்தேன். ஸலாம் என்ற சொல். எத்தனை மொழிகளில் அது என்னென்ன வேலை பார்க்கிறது என்பதைச் சேர்த்து வைத்தது நீண்டகாலப் பழக்கம். ஆனால் எந்த மூலையில் தொடங்கினாலும் வாப்பா குறுக்கே வந்து நிற்கிறார். அவரை விலக்கிவிட்டு எழுதப் பார்த்தேன், முடியவில்லை.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் கிழக்கிலங்கையின் இங்கினியாகலையில் பெரிய அணைக்கட்டு வேலை நடந்தது. எங்கள் ஊரான கல்முனையிலிருந்து போய் அங்கே களஞ்சியத்தில் கிளாக்கராகச் சேர்ந்தேன். சீமெந்து, ஆணி, டயர், மண்வெட்டிப் பிடி எல்லாம் என் பொறுப்பு. அதுவரை ஸலாம் என்றால் ஒரே பொருள்தான் உண்டென்று நினைத்திருந்தவன் நான். உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்று ஒருவர் சொல்கிறார், உங்கள் மீதும் உண்டாகட்டும் என்று மற்றவர் சொல்கிறார். அவ்வளவுதான்.

சேர்ந்த முதல் வாரம், மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து வந்திருந்த கங்காணி ஒருவர் களஞ்சிய வாசலில் வந்து நின்றார். "பெரிய தொரை ஒங்களுக்குச் சலாம் சொன்னாருங்க" என்றார். வெள்ளைக்கார எஞ்சினியருக்கு என் மேல் இவ்வளவு மரியாதையா என்று மனம் குளிர்ந்துபோனது. முறைப்படி "வஅலைக்க வஅலைஹிஸ்ஸலாம்" என்று பதில் சொல்லிவிட்டு ஆணி நிறுக்கத் தொடங்கினேன். கங்காணி போகவில்லை. கொஞ்ச நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "வரச் சொல்றாருங்க" என்றார். துரைமார் சலாம் சொன்னால் உடனே வந்து நில் என்று அர்த்தமாம். நான் ஓடிப்போய் நின்றபோது துரையின் முகம் வெயிலில் சிவந்திருந்ததா, என் மேல் உள்ள கோபத்தில் சிவந்திருந்ததா என்று தெரியவில்லை.

அதே கங்காணி தினமும் குனிந்து "சலாமுங்க" என்பார். அவருக்கு அது கும்பிடு. லொறி ஓட்டிய மலாய்க்காரர் ஒருவர் இருந்தார். வெள்ளிக்கிழமை நான் வீட்டுக்குப் புறப்பட்டால் "ஸ்லாமத் ஜாலான்" என்று கை காட்டுவார். பத்திரமாய்ப் போய் வா என்று பொருள். போகிறவன் இருப்பவனுக்குச் சொல்ல வேறொரு ஸ்லாமத் உண்டு, பத்திரமாய் இரு என்று. அதையும் சொல்லித் தந்தார். எங்கள் ஊர்ப் பண்டிதர் ஒருவரிடம் இதையெல்லாம் சொன்னேன். 'சால நலம்' என்ற தமிழ்தான் சுருங்கிச் சலாம் ஆகி அரபு நாட்டுக்குப் போனது என்று அவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவரோடு வாதாட என்னிடம் தெம்பில்லை. அவருக்குப் பிடித்த சொல்லெல்லாம் கடைசியில் தமிழாகிவிடும்.

இதையெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் வந்து கதைப்பேன். உம்மா சிரிப்பார். வாப்பா மட்டும் எழுந்து போய்விடுவார். காரணம் எனக்கும் தெரியும், உம்மாவுக்கும் தெரியும்.

வாப்பாவுக்கும் அவருடைய தம்பிக்கும், அதாவது என் சாச்சாவுக்கும், ஏழு வருடமாகப் பேச்சில்லை. எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். வாப்பாவும் சாச்சாவும் சேர்ந்து உழைத்துத் தங்கைக்கு வீடு கட்டினார்கள். அவள்தான் என் மாமி. கலியாணம் நெருங்கும்போது மாப்பிள்ளை வீட்டார் வயலும் வேண்டுமென்றார்கள். மாவடிப்பள்ளி வட்டையில், அந்த வயல்வெளியில், அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவான வயல் இருந்தது. உறுதிப் பத்திரம் வாப்பாவின் பெயரில். சாச்சா அப்போது கோமாரிக் கடற்கரையில் வாடி போட்டு, மீன்பிடிக் குடிசையில் தங்கிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஆள் அனுப்பி, அவர் வந்து சேர்ந்து, பேசி முடிக்கும் வரை மாப்பிள்ளை வீட்டார் காத்திருக்க மாட்டார்கள் என்று வாப்பாவுக்குப் பயம். தம்பி மறுக்கவா போகிறான் என்று முழு வயலையும் மாமியின் பெயருக்கு எழுதிவிட்டார்.

சாச்சா மறுத்திருக்க மாட்டார். கேட்காமல் செய்ததுதான் அவருக்குச் சுட்டது. கோமாரியிலிருந்து வந்த வெள்ளிக்கிழமையே, ஜும்ஆ முடிந்து சனம் கலையும் நேரத்தில், பள்ளி முற்றத்தில் நின்று, "என்ட பங்கையும் சேத்துக் களவா எழுதிக் குடுத்திட்டாரு" என்று சொன்னார். சொன்னது ஒரே தடவைதான். ஆனால் ஊர் முழுக்க நின்றது. களவு என்ற சொல் வாப்பாவின் மேல் அதற்கு முன் விழுந்ததில்லை.

கோபம் சாச்சாவுக்குச் சீக்கிரம் ஆறிவிட்டது. வாப்பாவுக்கு ஆறவில்லை. சாச்சா எங்கே கண்டாலும், "அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா" என்று ஊருக்கே கேட்கச் சொல்வார். எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். ஸலாம் சொல்வது விருப்பம், பதில் சொல்வது கடமை. வாப்பா மார்க்கத்தில் மயிரிழையும் பிசகாத மனிதர். பதில் சொல்லாமலிருந்தால் பாவம், சொன்னால் ரோசம் போய்விடும். அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். கூட்டமாக இருப்பவர்களுக்கு ஸலாம் சொன்னால் அதில் ஒருவர் பதில் சொன்னாலே எல்லோருடைய கடமையும் தீரும். அதனால் வாப்பா தனியே நடப்பதை விட்டுவிட்டார். பள்ளிக்குப் போனாலும் சந்தைக்குப் போனாலும் பக்கத்தில் ஒரு ஆள் இருப்பார். ஆள் கிடைக்காத நாளில் என்னைக் கூப்பிடுவார். சாச்சா எதிரே வந்து ஸலாம் சொன்னால் நான் பதில் சொல்வேன். வாப்பா கடலைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஏழு வருடம் இப்படியே தப்பினார். எனக்கு அது சிரிப்பாகவும் இருந்தது, சில நாட்களில் எரிச்சலாகவும் இருந்தது.

பிறகு சாச்சா ஹஜ்ஜுக்குப் போகப் பெயர் கொடுத்தார். அந்த நாளில் அது லேசான பயணமல்ல. தலைமன்னார் வழியாக இந்தியாவுக்குப் போய், ரயிலில் பம்பாய் போய், அங்கிருந்து கப்பல். போனவர் திரும்பி வரப் பல மாதம் ஆகும், வராமலும் போகலாம். அதனால் புறப்படுமுன் வீடு வீடாகப் போய்ப் பயணம் சொல்லி, குற்றம் குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பது வழக்கம். அண்ணனிடம் பயணம் சொல்லாமல் எவனும் ஹஜ்ஜுக்குப் போக முடியாது. சாச்சா எங்கள் வீட்டுக்கு வருவார் என்பது ஊருக்கே தெரிந்திருந்தது.

அவர் வந்தது ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு. வாப்பா விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். நானும் உம்மாவும் உள்ளே, சமையல் குசினி வாசலில். வேலியில் ஆள் நுழைய விட்டிருக்கும் இடைவெளியை நாங்கள் கடப்பு என்போம். சாச்சா கடப்படியில் நின்று, "அஸ்ஸலாமு அலைக்கும்" என்றார்.

வாசலில் நின்று மூன்று தரம் ஸலாம் சொல்லலாம். மூன்றுக்கும் பதில் வராவிட்டால் மனவருத்தமில்லாமல் திரும்பிவிட வேண்டும். அதுதான் முறை. முதல் ஸலாத்துக்கு நான் வாயைத் திறந்தேன், ஏழு வருடப் பழக்கம். உம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"நீ சொன்னா அவர் தப்பிருவார் மகன்" என்றார், எனக்கு மட்டும் கேட்க. "இண்டைக்கு அவர் சொல்லட்டும்."

சாச்சா இரண்டாவது முறை சொன்னார். வாப்பா திரும்பி உள்ளே பார்த்தார். என்னைத்தான் தேடினார். உம்மா கையை விடவில்லை. மூன்றாவது ஸலாம் மெதுவாக வந்தது. அதன் பிறகு வேலிக்கு அப்பால் மணலில் செருப்புச் சத்தம் கேட்டது.

வாப்பா எழுந்தார். வேகமாக முற்றத்தைக் கடந்து கடப்பு வரைக்கும் போனார். சாச்சா ஒழுங்கையின் திருப்பத்துக்குக் கிட்டப் போயிருந்தார், தலையைக் குனிந்தபடி. ஒரு கூப்பிடு கூப்பிட்டிருந்தால் கேட்டிருக்கும். வாப்பா வேலிக்கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார், கூப்பிடவில்லை. திரும்பி வந்து, "ஏன் ஒருத்தரும் வாய் தொறக்கல்ல?" என்று உம்மாவிடம் கேட்டார்.

"உங்களுக்குச் சொன்ன ஸலாம்" என்றார் உம்மா.

அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அடுத்த நாள் காலை சாச்சாவை ஏற்றிக்கொண்டு பஸ் மட்டக்களப்புக்குப் போயிற்று. ஊரே திரண்டு போய் வழியனுப்பியது. வாப்பா விடியமுன்னே வயலுக்குப் போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து வாப்பா காய்ச்சலில் விழுந்தார். எனக்கு ஆள் வந்து, லீவு போட்டு வந்து பார்த்தபோது பாதியாகியிருந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் "இப்ப நல்லம், முகம் தெளிஞ்சிருக்கு" என்றுதான் சொன்னார்கள். பிற்காலத்தில் அகராதியில் ஒன்றைப் படித்தபோது அந்த முகங்கள் ஞாபகம் வந்தன. ஸலாமின் வேரிலிருந்தே பிறந்தது ஸலீம் என்ற சொல், குறையில்லாதவன் என்று பொருள். பழைய அரபிகள் பாம்பு கடித்துக் கிடப்பவனையும் ஸலீம் என்றே அழைப்பார்களாம். பிழைத்துக்கொள்ளட்டும் என்ற ஆசையில்.

ஒரு காலையில் வாப்பா என்னைக் கிட்ட வரச் சொன்னார். நானும் அவரும் மட்டும் இருந்தோம்.

"அவன் மூணு தரம் சொன்னான்" என்றார்.

"ஓம் வாப்பா."

"மனசுக்குள்ள சொன்னன். ஒவ்வொண்டுக்கும் சொன்னன். பள்ளி லெப்பைக்கிட்ட ஆளனுப்பிக் கேட்டன், அது பதிலாக் கூடுமா எண்டு. சொன்னவனுக்குக் கேக்கணுமாம்."

கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார்.

"அவன் வந்தா நீ சொல்லிரு. மூணுக்கும்."

"உங்கட ஸலாத்தச் சொல்லவா வாப்பா?"

"ஸலாம் அவன் சொல்லிட்டான். பதில்தான் என்ட பக்கத்தில நிக்கிது. அதச் சொல்லு."

அந்த வாரமே மௌத்தானார். சாச்சா அப்போது மக்காவில் இருந்திருப்பார். அவருக்கு அறிவிக்க வழியில்லை. இரவல் கையால்தான் எல்லாம் நடந்தது. மையத்தைச் சுமக்கும் சந்தூக்கில் தம்பி பிடிக்க வேண்டிய மூலையை நான் பிடித்தேன்.

இந்தச் சொல்லை நான் விடாமல் துரத்தத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். யூதர்களிடம் அது ஷாலோம். பிலிப்பைன் தீவுகளில் ஸலாமத் என்றால் நன்றி. ஸ்பானியர் இதிலிருந்து எடுத்த சொல்லுக்குக் குழைந்து பேசிக் காரியம் பார்ப்பது என்று பொருள். பிரெஞ்சுக்காரருக்கு அது தேவைக்கு மிஞ்சிய உபசாரம். நம் தமிழிலும் சலாம் போடுகிறான் என்றால் நல்ல பெயரில்லை. எல்லாவற்றுக்கும் அடியில், மிகப் பழைய மொழிகளில், அது முழுமையாக இருப்பதைக் குறித்ததாம். உடையாமல், குறையாமல். இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டு வெளியே போய்விட்டேன். முழுமை என்று ஆயிரம் பேர் சொல்லட்டும். எங்கள் வீட்டுக் கடப்படியில் அது பாதியாக நின்றதைப் பார்த்தவன் நான்.

சாச்சா திரும்பி வந்த நாளில் கல்முனைச் சந்தியில் ஒரே சனம். ஹாஜியாரைக் கட்டித் தழுவ முண்டியடித்தார்கள். அண்ணன் மௌத்தான செய்தியை மட்டக்களப்பு ஸ்டேஷனிலேயே யாரோ சொல்லியிருந்தார்கள். அவர் வீட்டுக்குப் போகவில்லை. என்னைத் தேடிப் பிடித்து, "மையவாடிக்குப் போவம் மகன்" என்றார். உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போக எங்கள் வீட்டுக்கு ஓடினேன். கணவனை இழந்தவர் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தாவில் இருந்த உம்மா வெளியே வரவில்லை. "போய்ச் சொல்லு" என்று மட்டும் சொன்னார்.

கடற்கரை மணலில்தான் எங்கள் மையவாடி, ஊரின் அடக்கத்தலம். சாச்சா நுழையும்போது கபுறுகளில் இருப்பவர்கள் எல்லோருக்குமாகச் சொல்லும் ஸலாத்தைச் சொன்னார். வாப்பாவின் கபுறுத் தலைமாட்டில் நட்ட மீசான் கட்டை இன்னும் புதிதாக இருந்தது. அதன் முன்னால் போய் நின்றார். நான் பக்கத்தில் நின்று சொன்னேன்.

"வஅலைக்குமுஸ்ஸலாம். வஅலைக்குமுஸ்ஸலாம். வஅலைக்குமுஸ்ஸலாம். வாப்பா உங்களுக்குச் சொல்லச் சொன்னவர் சாச்சா. கடப்படியில நிண்டு நீங்க சொன்ன மூணுக்கும்."

சாச்சா என்னைப் பார்க்கவில்லை. கட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மூணோட திரும்பிட்டன்" என்றார். "முறை அப்பிடி. கப்பல்ல முழுக்க இதத்தான் நினைச்சிக்கிட்டுக் கிடந்தன். நாலாந்தரம் சொல்லியிருந்தா வந்திருப்பாரோ?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல மனம் வரவில்லை.

"வந்தவர் சாச்சா. நீங்க திரும்பினதும் எழும்பிக் கடப்படி வரைக்கும் வந்தவர். நீங்க பாக்கல்ல."

சாச்சா அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டார். ஹஜ்ஜில் இஹ்ராம் முடித்து மழித்த தலையில் முடி முளைத்துக்கொண்டிருந்தது. அதன் மேல் கையை வைத்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன். அந்தியில் மஃரிப் பாங்கு கேட்டதும் எழுந்து, சாரத்தில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு, கபுறுக்குக் கிட்டக் குனிந்தார்.

"அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா" என்றார்.

வாப்பா என்னிடம் தந்துவிட்டுப் போனது மூன்று பதில்கள்தான். நாலாவதுக்கு நானே பதில் சொன்னேன்.